ஈம்ஸ் தம்பதி: வீடு, நாற்காலி, படம் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கட்டடக்கலையும் உள்அலங்காரமும் படிக்கும் பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் வகுப்பெடுக்கிறேன். ஆண்டுக்கு இரண்டு வகுப்புகள் சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் இருவருக்கென்றே ஒதுக்குவது வழக்கம். ஆண்டுதோறும் முகங்கள் மாறுகின்றன, சந்தேகங்கள் மாறுவதில்லை. பிள்ளைகளைக் கூட்டிப் போக வரும் பெற்றோரும் வாசலில் நின்று கேட்கிறார்கள். வாயால் சொல்லி அலுத்துப்போனதால் எழுதிவைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

ஈம்ஸ் என்பது நாற்காலியின் பெயரா, ஆளின் பெயரா?

ஆட்களின் குடும்பப் பெயர். கடைக்காரர்கள் அதை நாற்காலிக்குச் சூட்டிவிட்டார்கள். மெல்லிய மரக்கால்களும் பிளாஸ்டிக் இருக்கையுமாகக் காபிக் கடைகளில் பார்க்கிறீர்களே, அது அவர்கள் வடிவமைத்ததன் நகல். பெரும்பாலும் நகலின் நகல்.

சார்லஸ் ஈம்ஸ் (1907–1978), ரே ஈம்ஸ் (1912–1988) இருவரும் அமெரிக்கர்கள். லாஸ் ஏஞ்சலிஸின் வெனிஸ் பகுதியில், 901 வாஷிங்டன் பொலிவார்டு என்ற முகவரியில் அவர்களுடைய பட்டறை இருந்தது. நாற்காலிகள், பொம்மைகள், கண்காட்சிகள், நூற்றுக்கும் மேற்பட்ட குறும்படங்கள் எல்லாம் அங்கே உருவானவை.

சார்லஸ், ரே என்றால் அண்ணன் தம்பியா?

கணவன் மனைவி. ரே ஒரு பெண். அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் பெர்னிஸ் அலெக்சாண்ட்ரா கைசர். வீட்டில் கூப்பிட்ட செல்லப்பெயரே நிலைத்துவிட்டது. அமெரிக்காவிலேயே பலர் இந்தத் தவற்றைச் செய்திருக்கிறார்கள், ஆகவே கூச்சப்பட வேண்டாம். இருவரும் இறந்தது ஒரே தேதியில்: ஆகஸ்ட் 21, பத்தாண்டு இடைவெளியில்.

சார்லஸ் என்ன படித்தார்? ஆர்க்கிடெக்ட் பட்டம் உண்டா?

இல்லை. செயின்ட் லூயிஸில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை படிக்கச் சேர்ந்து பாதியில் வெளியேறியவர். பட்டம் இல்லாமலே 1930களில் சொந்தமாக அலுவலகம் வைத்து வீடுகளும் தேவாலயங்களும் கட்டினார். அவற்றைப் பார்த்த பின்லாந்துக் கட்டடக்கலைஞர் எலியல் சாரினென், மிச்சிகன் மாநிலத்தின் கிரான்புரூக் கலைப் பள்ளிக்கு 1938-இல் அவரை அழைத்துக்கொண்டார். எலியலின் மகன் ஈரோ சாரினென் அங்கேதான் சார்லஸுக்கு நண்பரானார்.

ரே ஓவியர். நியூயார்க்கில் ஹான்ஸ் ஹாஃப்மனிடம் பல ஆண்டுகள் ஓவியம் பயின்றவர். 1940-இல் கிரான்புரூக்குக்கு வந்தார். 1941-இல் திருமணம், உடனே லாஸ் ஏஞ்சலிஸுக்குப் புறப்பாடு. சார்லஸுக்கு வயது 34, ரேக்கு 28. நிலையான வேலை என்று எதுவும் கையில் இல்லை. சார்லஸ் பகலில் எம்ஜிஎம் படநிறுவனத்தின் கலைப் பிரிவில் வேலை பார்த்தார். இரவில் பார்த்த வேலைதான் அடுத்த பதிலில் வருகிறது.

பிளைவுட்டை வளைப்பதில் அப்படி என்ன பெரிய வித்தை இருக்கிறது? எங்கள் ஆசாரியே வளைப்பார்.

ஒரு திசையில் வளைப்பார். ஒரு தாளை எடுத்துக் குழலாகச் சுருட்டுங்கள்: வரும். அதே தாளைக் கிண்ணமாக்கிப் பாருங்கள்: ஓரமெல்லாம் மடிப்பு விழும். பிளைவுட்டில் மடிப்புக்குப் பதில் விரிசல் விழும். உடம்பைத் தாங்கும் நாற்காலிக்குக் கிண்ண வடிவம் தேவை, அதாவது இரண்டு திசைகளிலும் வளைவு. நான் இளமைக் கொழுப்பில் இட்லிப் பானை ஆவியில் ஒரு துண்டு பிளைவுட்டைக் காட்டி முயன்றிருக்கிறேன். பலகை பிளந்தது. அன்றைக்கு இட்லியும் இல்லை.

1940-இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் நடத்திய அறைகலன் போட்டியில் சார்லஸும் ஈரோ சாரினெனும் இப்படி ஒரே ஓடாக வளைந்த நாற்காலியை வரைந்து முதற்பரிசு வென்றார்கள். வரைந்தாகிவிட்டது, அதை மலிவாகச் செய்யத்தான் எந்தத் தொழிற்சாலைக்கும் வழி தெரியவில்லை. அந்தத் தீராத சிக்கல்தான் தம்பதியரை லாஸ் ஏஞ்சலிஸ் வரை துரத்தியது. வாடகைக் குடியிருப்பின் உபரி அறையில் ஓர் அச்சு இயந்திரம் கட்டினார்கள். மெல்லிய மரத்தாள்களைப் பசையிட்டு அடுக்கி, சூடான அச்சில் வைத்து, சைக்கிள் பம்பால் ஒரு பையில் காற்றடித்து அழுத்துவார்கள். மந்திரவாதி பொருளை வரவழைக்கும்போது சொல்வது போல அதற்குக் ‘கஸாம்’ என்று பெயர்.

முதலில் வெளிவந்தது நாற்காலி இல்லை, கால்கட்டை: அடிபட்ட கால் அசையாமல் பிடிக்கும் பலகை. போர்க்காலத்தில் காயம்பட்ட வீரர்களின் காலைக் கட்ட உலோகச் சட்டங்களைப் பயன்படுத்தினார்கள். தூக்கிச் செல்லும்போது அவை அதிர்ந்து காயத்தை மோசமாக்கின. 1942-இல் ஈம்ஸ் தம்பதி அமெரிக்கக் கடற்படைக்குப் பிளைவுட்டில் கால்கட்டை செய்து கொடுத்தார்கள். போர் முடிவதற்குள் சுமார் 1,50,000 கால்கட்டைகள் தயாராயின. அதில் அழகுக்கு வைத்தது போல் தெரியும் துளைகள் இரண்டு வேலை செய்கின்றன: வளைவின் இறுக்கத்தைத் தளர்த்திப் பலகை பிளக்காமல் காக்கின்றன, கட்டுத்துணியை நுழைத்துக் கட்டவும் உதவுகின்றன. அந்தப் பாடத்தோடு நாற்காலிக்குத் திரும்பி, ஒரே ஓடு என்ற பிடிவாதத்தை விட்டார்கள். இருக்கை தனி, முதுகுப்பலகை தனி, நடுவே ரப்பர் வில்லைகள். 1946-இல் மக்கள் முன் வந்த அந்தத் தாழ்வான மர நாற்காலியை 1999-இல் டைம் இதழ் அந்த நூற்றாண்டின் சிறந்த வடிவமைப்பு என்றது.

அவர்கள் வீட்டைப் படத்தில் பார்த்தேன். தகரக் கொட்டகை மாதிரி இருக்கிறது. அதற்கா இத்தனை புகழ்?

கொட்டகைக்கு உறவுதான். பசிபிக் பாலிசேட்ஸ் பகுதியில், கடலைப் பார்த்த மேட்டில், 1949-இல் எழுந்த வீடு அது. ஜான் என்டென்சா தம் இதழ் வழியே நடத்திய மாதிரி வீடுகள் திட்டத்தில் அதன் எண் 8. போருக்குப் பின் வீட்டுத் தட்டுப்பாடு இருந்தது. தொழிற்சாலைப் பட்டியலில் கிடைக்கும் இரும்பு உத்திரம், சன்னல் சட்டம், தகரத் தளம் ஆகியவற்றை வைத்தே நல்ல வீடு கட்ட முடியுமா என்று பார்ப்பதே நோக்கம். குடியிருக்க ஒரு பெட்டி, 1,500 சதுர அடி. வேலை செய்ய ஒரு பெட்டி, 1,000 சதுர அடி. நடுவில் முற்றம். ஐந்து பேர் 16 மணி நேரத்தில் இரும்புக் கூட்டை நிறுத்திவிட்டார்கள்.

எனக்குப் பிடித்த கதை அதற்கு முந்தையது. 1945-இல் சார்லஸும் ஈரோவும் வேறு வீடு வரைந்திருந்தார்கள்: புல்வெளியின் மேல் பாலம் போல நீட்டிக்கொண்டு கடலைப் பார்க்கும் வீடு. போருக்குப் பிந்தைய தட்டுப்பாட்டால் இரும்பு வந்து சேர மூன்றாண்டு ஆயிற்று. அதற்குள் சார்லஸும் ரேயும் அந்தப் புல்வெளிக்கு உணவு கட்டிக்கொண்டு போய் உட்கார்ந்து பழகிவிட்டார்கள். புல்வெளியின் மேலேயே வீட்டை வைத்தால் புல்வெளி போய்விடும் என்று புரிந்தது. வந்திறங்கிய அதே இரும்பை வைத்துக்கொண்டு வரைபடத்தை மாற்றி, வீட்டை யூகலிப்டஸ் மரங்களுக்குப் பின்னால் மேட்டோரமாகத் தள்ளி வைத்தார்கள். கூடுதலாக ஒரே ஓர் உத்திரம்தான் வாங்கினார்கள் என்று சொல்வதுண்டு. வீடு முன்பைவிடப் பெரிதாகவும் ஆயிற்று.

இன்னொன்று, உள்ளே பாருங்கள். வெறும் பெட்டிக்குள் கூழாங்கல், பொம்மை, விரிப்பு, காற்றாடி என்று கண்காட்சி போல நிறைந்திருக்கிறது. நவீன வீடு என்றால் வெள்ளைச் சுவரும் ஒரு பூச்சாடியும் என்று நினைக்கும் பிள்ளைகளுக்கு அதைக் காட்டுவது எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி. 2025 ஜனவரியில் அந்தப் பகுதியையே எரித்த காட்டுத்தீயில் இந்த வீடு தப்பியது; உள்ளே புகை மட்டும் படிந்தது.

அதே போல எங்கள் ஊரில் ஒன்று கட்டலாமா?

கட்டலாம், குடியிருக்க முடியாது. அங்கே கடற்காற்றும் மர நிழலும் மிதமான வெயிலும் உண்டு. இங்கே மேற்குப் பக்கம் 17 அடி உயரத்துக்குக் கண்ணாடி வைத்தால் சித்திரை மாதம் உள்ளே அப்பளம் பொரிக்கலாம். கடலோர ஊராக இருந்தால் இரும்பை உப்புக் காற்று தின்னும். அந்த வீட்டிலேயே அதைத் தடுக்கத் தொடர்ந்து பராமரிப்பு நடக்கிறது. எடுத்துக்கொள்ள வேண்டியது அவர்களுடைய முறை: உள்ளூர்க் கடையில் எந்த அளவில் என்ன கிடைக்கிறது என்ற பட்டியலை முதலில் எழுதுங்கள், பிறகு வரையுங்கள். நம்மில் பெரும்பாலோர் தலைகீழாகச் செய்கிறோம்.

அவர்கள் காலத்தில் வீடியோ ஏது? படம் எடுத்தார்கள் என்றால் சினிமாவா?

ஃபிலிம் சுருளில் எடுத்த குறும்படங்கள். கதை கிடையாது, நடிகர்கள் அநேகமாகக் கிடையாது. 1952-இல் ஒரு பள்ளி முற்றத்தைக் கழுவும் சோப்புத் தண்ணீர் ஓடுவதை, ஜெர்மானிய இசைமேதை பாக்கின் இசையோடு முழுப் படமாக எடுத்தார்கள். 1969-இல் பம்பரங்கள் பற்றி ஏழு நிமிடப் படம். ஒரு சொல்கூடப் பேசாமல், இந்தியா உட்படப் பல நாட்டுப் பம்பரங்கள் கயிறு சுற்றப்படுவதும் சுழல்வதும் தள்ளாடி விழுவதும் மட்டுமே. என் வகுப்பில் அதிகம் சிரிப்பு எழுவதும், அதிகம் அமைதி விழுவதும் அந்தப் படத்துக்குத்தான்.

இன்று வீடு கட்டி முடித்ததும் வீடியோ எடுத்துப் போடுகிறீர்கள் அல்லவா, அதற்கு முன்னோடி 1955-இல் அவர்கள் தம் வீட்டைப் பற்றி எடுத்த படம். குடிவந்து ஐந்தாண்டு கழித்து, முழுக்க அசையாத நிழற்படங்களை அடுக்கியே செய்தது. கேமரா நகர்வதே இல்லை. அறைகளைச் சுற்றிக் காட்டுவதற்குப் பதிலாகக் கண்ணாடியில் விழும் இலை நிழலையும் மேசையில் இருக்கும் தட்டையும் காட்டுகிறது. பறக்கும் டிரோன் காட்சியோடு தொடங்கும் பிள்ளைகளுக்கு இதை நான் கட்டாயப் பாடமாக வைத்திருக்கிறேன்.

‘பவர்ஸ் ஆஃப் டென்’ படத்தில் வருவது வெறும் ஜூம்தானே? இன்று கைபேசியிலேயே செய்யலாம்.

இன்று செய்யலாம், அவர்கள் செய்து காட்டியதால்தான் உங்களுக்கு அது ‘வெறும் ஜூம்’ என்று தோன்றுகிறது. 1977-இல் வந்த ஒன்பது நிமிடப் படம். முன்னோட்டமாக ஒரு வடிவத்தை 1968-இலேயே செய்து பார்த்திருந்தார்கள். டச்சு ஆசிரியர் கீஸ் பூகே பிள்ளைகளுக்காக எழுதிய நூல்தான் மூலம். சிகாகோ ஏரிக்கரைப் பூங்காவில் ஒருவர் படுத்து உறங்குகிறார். ஒரு மீட்டர் அகலச் சதுரத்தில் தொடங்கி, பத்து விநாடிக்கு ஒருமுறை பத்து மடங்கு விலகுகிறோம். நகரம், பூமி, சூரியக் குடும்பம், பால்வெளி எல்லாம் கடந்து 1-க்குப் பின் 24 சுழியங்கள் போட்ட மீட்டர் அகலம் வரை போகிறோம். பிறகு விரைந்து திரும்பி வந்து, அவருடைய கையின் தோலுக்குள் இறங்கி, கார்பன் அணுவின் கருவுக்குள் நுழைகிறோம்.

கணினி வரைகலை கைக்கு வராத காலம் அது. நிழற்படங்களையும் கையால் தீட்டிய ஓவியங்களையும் ஒன்றுக்குள் ஒன்று பிசிறில்லாமல் பொருத்த வேண்டியிருந்தது. நான் கவனிக்கச் சொல்வது வேகத்தை. பத்து விநாடி, பத்து மடங்கு: இந்த ஒரு விதியைப் போட்டுவிட்டு அதை மீறவே மாட்டார்கள், திரும்பி வரும் வழி மட்டும் விலக்கு. வீட்டில் பட்டியல் இரும்பு, நாற்காலியில் மரத்தாளின் பிடிவாதம், படத்தில் இந்தப் பத்து விநாடி. மூன்றிலும் கட்டுப்பாட்டை முதலில் தேடிப் பிடித்து, அதற்குள் நின்றுதான் விளையாடுகிறார்கள்.

கட்டடத்தில் தொடங்கியவர் ஏன் நாற்காலிக்கும் படத்துக்கும் ஓடினார்? கட்டடத்தில் தோற்றுவிட்டாரா?

எண்ணிக்கையில் பார்த்தால் கட்டடங்கள் குறைவு. 1949-க்குப் பின் விரல்விட்டு எண்ணலாம். தோல்வி என்று நான் சொல்ல மாட்டேன். கட்டடத்தில் ஒரு யோசனை நிறைவேற உரிமையாளர், வங்கி, ஒப்பந்தக்காரர், நகராட்சி என்று பல கைகளைக் கடக்க வேண்டும்; ஒவ்வொரு கையிலும் கொஞ்சம் உதிரும். நாற்காலியைத் தம் பட்டறையிலேயே செய்து, உட்கார்ந்து, உடைத்து, மறுபடி செய்யலாம். படமும் அப்படியே.

ஆனால் ‘பன்முகத் திறமை’ என்று அவர்களைப் பாராட்டும்போது எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வருகிறது. முன்பு சொன்ன கிண்ண வளைவுச் சிக்கலை அவர்கள் 1940-இல் தொட்டார்கள். அந்த ஒரே ஓட்டு நாற்காலி ஃபைபர் கிளாஸில் கைகூடியது 1950-இல். பத்தாண்டு ஒரே கேள்வியைச் சுற்றி வந்தவர்களைத் துறை தாவியவர்கள் என்பது எப்படிப் பொருந்தும்?

உண்மையைச் சொல்லுங்கள், எல்லாம் சார்லஸ்தானே செய்தார்? ரே பெயருக்குத்தானே?

அந்தக் காலத்து அருங்காட்சியகமும் அப்படித்தான் நினைத்தது. 1946-இல் நியூயார்க் கண்காட்சியின் தலைப்பில் சார்லஸ் ஈம்ஸ் பெயர் மட்டுமே. 1956-இல் தொலைக்காட்சியில் புதிய சாய்வு நாற்காலியை அறிமுகப்படுத்தியபோதும் ரே பின்னர்தான் அழைக்கப்பட்டார், கணவருக்குத் துணையாக நிற்கும் மனைவி என்ற தொனியில்.

நிறம், வடிவம், எதன் பக்கத்தில் எது என்ற முடிவு ஆகியவற்றில் ரேயின் கண் எல்லாவற்றிலும் இருக்கிறது. ஒன்று சொல்கிறேன். 1959-இல் மாஸ்கோவில் நடந்த அமெரிக்கக் கண்காட்சிக்கு, ஏழு திரைகளில் ஒரே நேரத்தில் ஓடும் படம் செய்தார்கள். பதின்மூன்று நிமிடத்துக்குள் 2,200-க்கும் மேற்பட்ட படங்கள். அத்தனை நெடுஞ்சாலைகளுக்கும் கட்டடங்களுக்கும் பின் எப்படி முடிப்பது என்ற கேள்வி வந்தபோது, ‘மறவாதே என்னை’ என்று பொருள்படும் சின்ன நீலப் பூக்களைக் காட்டலாம் என்றவர் ரே. ரஷ்ய மொழியிலும் அந்தப் பூவுக்கு அதே பொருள். பனிப்போர் நடுவே மொழிபெயர்ப்பே தேவைப்படாத ஒரு முடிவு.

மாஸ்கோ கண்காட்சி, ஐபிஎம் படம் என்கிறீர்கள். அப்படியென்றால் அரசுக்கும் கம்பெனிக்கும் விளம்பரம் செய்தவர்கள்தானே?

ஆம், அதை மழுப்ப வேண்டியதில்லை. மாஸ்கோ படம் அமெரிக்க அரசுக்காக. மேலே சொன்ன 1977 படமும், 1961-இன் கணிதக் கண்காட்சியும், 1964 நியூயார்க் உலகக் கண்காட்சிக் கூடமும் ஐபிஎம் என்ற கணினி நிறுவனத்தின் பணத்தில். நாற்காலிகளுக்கு ஹெர்மன் மில்லர் நிறுவனம் உரிமத்தொகை கொடுத்தது. பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்பவர்களுக்கும் இதுவே பதில்.

மாஸ்கோ படத்தில் குடும்பங்கள் கொஞ்சுகின்றன, சாலைகள் பளபளக்கின்றன. அமெரிக்காவின் நிறவெறி அதில் எங்கே என்று ஒரு மாணவி கேட்டார். நல்ல கேள்வி. கணிதக் கண்காட்சியை நான் தயக்கமின்றிப் பாராட்டுவேன். மாஸ்கோ படத்தை அதன் உத்திக்காக மட்டும் காட்டுகிறேன்.

இந்தியாவுக்கும் இவர்களுக்கும் என்ன சம்பந்தம்?

1955-இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இந்தியத் துணிகள், அணிகலன்கள் கண்காட்சி நடந்தது. அதைப் படமாக எடுத்தவர்கள் இவர்கள். பிறகு இந்திய அரசு, ஃபோர்டு அறக்கட்டளையின் நிதியுதவியோடு இவர்களை வரவழைத்தது. சிறுதொழில்களில் செய்யும் பொருள்களின் தரம் கெடாமல் காக்க வடிவமைப்புப் பயிற்சி எப்படி இருக்க வேண்டும் என்பது கேள்வி. நாட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு 1958 ஏப்ரலில் ‘இந்தியா ரிப்போர்ட்’ என்ற சிறிய அறிக்கையைக் கொடுத்தார்கள். 1961-இல் ஆமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் பிறந்தது. கௌதம் சாராபாய், கீரா சாராபாய் இருவரும்தான் அதை வளர்த்தவர்கள். அந்த வளாகத்தை ஈம்ஸ் கட்டினார் என்று சொல்பவர்கள் உண்டு; தவறு.

அறிக்கையின் இதயம் ‘லோட்டா’. நம் ஊர்ச் சொம்பு. இந்தியாவில் கண்டவற்றிலேயே ஒருவேளை மிக அழகானது அதுதான் என்று எழுதிவிட்டு, அதை ஒருவர் புதிதாக வடிவமைக்க வேண்டுமானால் எதையெல்லாம் யோசிக்க வேண்டும் என்று அடுக்குகிறார்கள். எவ்வளவு நீர் பிடிக்க வேண்டும், யாருடைய கை, தலையில் வைப்பதா இடுப்பில் வைப்பதா, நிறைந்திருக்கும்போதும் காலியாக இருக்கும்போதும் சமநிலை எப்படி, ஊற்றும்போது நீர் எப்படி விழும், கை உள்ளே போய்க் கழுவ முடியுமா, தட்டினால் என்ன ஓசை, வெயிலில் தொட்டால் எப்படி இருக்கும், விலை என்ன. தனியொருவர் எவரும் அதை வடிவமைக்கவில்லை. தலைமுறை தலைமுறையாகப் பலர் சேர்ந்து செதுக்கியது என்கிறார்கள். அதைப் படித்த பிறகு பாட்டி வீட்டுச் சொம்பின் கழுத்தை ஒருமுறை பிடித்துப் பாருங்கள்.

வாழையிலை பற்றி ஏதோ சொன்னாராமே, அது என்ன?

1970–71-இல் ஹார்வர்டில் நிகழ்த்திய நார்ட்டன் சொற்பொழிவுகளில் சார்லஸ் சொன்ன உவமை. தென்னிந்தியாவில் மிக எளிய மக்கள் வாழையிலையில் சாப்பிடுகிறார்கள். கொஞ்சம் வசதி வந்தால் மண் தட்டு, பிறகு பித்தளை, வெண்கலம், வெள்ளி, பொன் வரைக்கும் போகிறார்கள். ஆனால் பணத்தோடு அறிவும் புரிதலும் உள்ளவர் இன்னொரு படி மேலே போய், மறுபடி வாழையிலைக்கு வருகிறார் என்பது கதை.

என் பாட்டி கேட்டிருந்தால் சிரித்திருப்பார். கல்யாணத்திலும் திவசத்திலும் எல்லோருக்கும் இலைதான். ஏணி ஏறி இறங்க வேண்டிய தேவையே இல்லை. ஊரார் பழக்கத்தை வெளியூர்க்காரர் தத்துவமாக்கும்போது இப்படிக் கொஞ்சம் வழுக்கும். சாதியை அவர் ஒரு சொல்லில் தொட்டாலும், யார் எந்த வரிசையில் இலை போட்டு உட்கார முடிந்தது என்ற நம் கணக்கு அந்தக் கதைக்குள் வரவில்லை. ஆனாலும் வடிவமைப்பாளர்களுக்கு அது உறைக்கும் கதை. இதையே படமாக எடுக்கத் தொடங்கினார்கள், முடிக்கவில்லை.

எல்லோருக்கும் மலிவாக என்று தொடங்கியவர்கள். இன்று அந்தச் சாய்வு நாற்காலி ஏன் யானை விலை?

தோலும் மரமுமான அந்தச் சாய்வு நாற்காலி 1956-இல் வந்தபோதே மலிவானதல்ல. இன்று அமெரிக்காவில் பல ஆயிரம் டாலர். மலிவு நோக்கம் ஒரே ஓடாக வளைந்த நாற்காலிக்கு உரியது. 1948-இன் குறைந்த விலை அறைகலன் போட்டிக்காகத் தொடங்கி, போர்க்காலத்தில் ராடார் கூடுகளுக்குப் பயன்பட்ட ஃபைபர் கிளாஸில் முடிந்தது. அசலை அமெரிக்காவில் ஹெர்மன் மில்லரும் ஐரோப்பாவில் விட்ராவும் செய்கின்றன. அதுவும் இன்று சேகரிப்பாளர் பொருளாகிவிட்டது.

கடைத்தெருவில் சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் நகலை வாங்கலாமா என்றும் கேட்கிறார்கள். வாங்குவது உங்கள் விருப்பம். ‘ஈம்ஸ்’ என்று சொல்லி விற்பதை நம்பாதீர்கள், அவ்வளவுதான்.

என் மகள் ஐந்து வருடம் ஆர்க்கிடெக்சர் படித்துவிட்டு, நாற்காலி செய்கிறேன், வீடியோ எடுக்கிறேன் என்கிறாள். இவர்களைப் பார்த்துத்தான் கெட்டுப்போகிறாளா சார்?

அம்மா, இதைக் கேட்டவர் நீங்கள் பதினோராவது ஆள். முதலில் சட்டம். இந்தியாவில் 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி, கட்டடக்கலை மன்றத்தில் பதிவு செய்தவர்தான் ‘ஆர்க்கிடெக்ட்’ என்று போட்டுக்கொள்ளலாம். சார்லஸ் இங்கே இருந்திருந்தால் பெயர்ப்பலகையில் அதை எழுத முடியாது. உங்கள் மகளால் முடியும். பதிவை மட்டும் காலாவதியாக விடாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். நாற்காலிக்கும் வீடியோவுக்கும் எந்தப் பதிவும் வேண்டாம்.

பிறகு ஒரு கேள்வியை அவரிடம் கேளுங்கள்: இதுவரை எத்தனை நாற்காலி உடைத்தாய்? ஒன்றிரண்டு என்றால் இன்னும் ஆசைதான். வீடு முழுக்க உடைந்த பிளைவுட் கிடக்கிறது என்றால், தயவுசெய்து அந்த உபரி அறையைக் கொடுத்துவிடுங்கள்.

எதில் தொடங்கிப் பார்ப்பது?

பம்பரப் படம், பிறகு வீட்டுப் படம், பிறகு பத்து மடங்குப் படம், இந்த வரிசையில். மூன்றும் சேர்ந்தே அரை மணி நேரம் ஆகாது. அதன் பின் ‘இந்தியா ரிப்போர்ட்’. ஒரு மாலைப் பொழுதில் படித்துவிடலாம். புத்தகக் கடைகளில் கிடைக்கும் பெரிய பளபளப்புப் படத்தொகுப்புகளைக் கடைசிக்கு வையுங்கள். வகுப்புக்கு வருகிறவர்கள் வீட்டிலிருந்து ஆளுக்கொரு சொம்பு கொண்டு வர வேண்டும். எவர்சில்வராக இருந்தாலும் பரவாயில்லை.